மாராவுக்கு முன் செண்பகத்தோப்பு



சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு கென்யா போக வீட்டில் பேச்சு நடக்கிறதாம். சிங்கமும் யானையும் பார்க்க வேண்டும், அப்படியே மசாய் மக்களின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். எந்த மாதம் போகலாம், என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் புல் தேடிக் கென்யாவின் மசாய் மாராவுக்கு வருவது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. மழையைப் பொறுத்து அது முன்பின் ஆகும். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம், தவிர்ப்பது நல்லது. 2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதில் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்க வேண்டும். மறக்கவே கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. புறப்படுவதற்கு 10 நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள்.

மசாய் மக்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாரா காப்பகத்தை ஒட்டி அவர்களுடைய சொந்த நிலங்கள் இருக்கின்றன. பல குடும்பங்கள் சேர்ந்து அந்த நிலத்தை வேலி போடாமல் விலங்குகளுக்கு விட்டுவைத்து, தங்கும் விடுதிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்து வாடகை வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தங்கினால் உங்கள் பணத்தில் ஒரு பங்கு நிலத்துக்காரர் கைக்குப் போகும். முன்பதிவு செய்யும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள்: நாங்கள் கொடுப்பதில் ஊர்க்காரர்களுக்கு என்ன போகிறது? நல்ல ஏற்பாட்டாளர் இந்தக் கேள்விக்குத் தயங்க மாட்டார்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. விமானம் ஏறுவதற்கு முன் பேரப்பிள்ளைகளை ஒரு விடியற்காலை ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போங்கள்.

உங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் தெரிகிற மலை 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவில் 51-வது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். மசாய் மாரா காப்பகம் சுமார் 1,500. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஒரு காடு நம் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

ஆனால் இது வேறு மாதிரிக் காடு. மாராவில் புல்வெளி, ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விலங்குகள் தெரியும். இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். புலியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். சாம்பல் நிற அணிலைத் தேடிப் போங்கள். 1988-இல் இங்கே சரணாலயம் அமைந்ததே அந்த அணிலுக்காகத்தான். உலகத்தில் தென்னிந்தியாவின் சில காடுகளையும் இலங்கையையும் விட்டால் அது வேறெங்கும் இல்லை. மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டடிக்கு மேல் இருக்கும். தரைக்கு இறங்குவது அபூர்வம். தின்பது, தூங்குவது, குட்டி போடுவது எல்லாம் மேலேதான்.

அதன் கூட்டைக் கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. இலையும் சுள்ளியுமாக உருண்டையாக இருக்கும். ஒரு மரத்தின் கிளை பக்கத்து மரத்தின் கிளையோடு சேருகிற இடமாகப் பார்த்துக் கட்டும். மேலிருந்து கழுகு வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வழி வேண்டுமே! ஓடைக்கரையில் நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அந்த அணிலுக்குப் பாதையே அறுந்துபோகிறது. அடிவாரத்து மாந்தோப்புகளும் புளியமரங்களும்கூட அதற்குப் பாதைதான், பந்திதான். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தில் அணில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதைப் பொறுத்துக்கொள்கிற தோப்புக்காரர்களும் சேர்ந்துதான் இந்த உயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொன்னதே இல்லை.

தோப்புகளைத் தாண்டிக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 தடங்கள் உண்டு. மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். காட்டுத்தீ பயமுள்ள கோடையில் தடங்களை மூடிவிடுவார்கள், அதனால் மாதம் பார்த்துத் திட்டமிடுங்கள். செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கமெல்லாம் பளியர் என்ற மலைவாழ் மக்கள் இருக்கிறார்கள். தேனும் கடுக்காயும் கிழங்கும் அவர்களுக்கு இந்த மலை கொடுத்தவை. அவர்கள் குடியிருப்பு காட்சிக்கூடம் அல்ல. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தேன் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். மசாய் வீட்டு வாசலிலும் இதே மரியாதைதான் வேண்டும்.

பண்பாடு தேடியும் தனியாக அலைய வேண்டாம். செண்பகத்தோப்புக்கு மேலே காட்டழகர் கோவில். கீழே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் தினமும் புதிதாக ஒரு கிளி. பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவால் மூக்கு என்று பொறுமையாகச் செய்கிறார்கள். அதைப் பார்க்கவே மாலையில் ஒருமுறை போகலாம். திரும்பும்போது பால்கோவா வாங்காமல் வர மாட்டீர்கள், தெரியும்.

இதே மலைத்தொடரிலுள்ள சதுரகிரி கோவிலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாணிப்பாறை வழியில் வனத்துறை சொல்லும் நாளையும் நேரத்தையும் மீறாதீர்கள். 2015 மே மாதம் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை வத்திராயிருப்பு மக்கள் மறக்கவில்லை. வானம் கறுத்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் கொண்டு போகாதீர்கள்.

அடுத்த இதழில் மலையடிவாரத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். தோப்பு வைத்திருப்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் எழுதுங்கள். உங்கள் பக்கம் எந்த மாதம் மா பூக்கிறது, எந்த ஓடையில் எதுவரை தண்ணீர் நிற்கிறது, அணில் கூடு எந்த மரத்தில் என்று சொல்லுங்கள். கூடு இருக்கும் சரியான இடத்தை மட்டும் நாங்கள் அச்சிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்