பூத்த பிறகு பிடுங்கி என்ன பயன்?

மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் வரப்போரம் தரையோடு ஒட்டிப் படரும் செடி அது. கேரட் இலைபோல ஆழமாக வெட்டுப்பட்ட இலை, மேலெல்லாம் மெல்லிய சுணை. சாமந்தி நாற்று என்று ஏமாறுபவர்களும் உண்டு. அப்போது இரண்டு விரலால் வேரோடு பிடுங்கிவிடலாம், யாரும் பிடுங்குவதில்லை. இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்த பிறகுதான் ‘பார்த்தீனியம் மண்டிவிட்டது’ என்று அரிவாளைத் தேடுகிறார்கள்.

அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. முளைத்த நான்கே வாரத்தில் பூக்கத் தொடங்கும் இச்செடி, ஒன்றே 15,000 விதைகள் வரை உதிர்க்கக்கூடியது. காற்று, வாய்க்கால் நீர், டிராக்டர் சக்கரத்துச் சேறு, விலைக்கு வாங்கிய எரு என எதிலும் ஏறிப் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தக் களை, 1955இல் புனேயில் கண்டறியப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். களையெடுக்கும் பெண்களுக்குக் கையெல்லாம் அரிப்பு. மகரந்தத்தால் சிலருக்கு மூச்சிரைப்பு.

இதை ஒழிக்க மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கும் வண்டு, வறட்சியில் மண்ணுக்குள் உறங்கிவிடும். தரிசுக்கு அது உதவும்; அடிக்கடி உழும் வயலில் நிலைப்பது கடினம். லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்துத் தெளிப்பதும் தரிசுக்கான வழிதான். பயிர் நிற்கும் வயலில் அதைச் செய்தால் பயிர் கருகும், மண்ணும் கெடும்.

ஆனால் விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தன் வயலை அவர் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும், ரோட்டோரமும் புறம்போக்கும் மனை பிரித்துப் போட்ட நிலமும் ஆண்டு முழுக்க விதை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இதில் அரசின் நாட்காட்டி வேறு இடிக்கிறது. நாடு முழுவதும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நடக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் விதைக்கும் மாநிலங்களுக்கு அது சரி. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு முக்கிய மழையே அக்டோபருக்குப் பிறகுதானே!

ஐப்பசி மழை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஊராட்சிகள் சாலையோரங்களில் ஆட்களை இறக்கட்டும். கையுறை கொடுத்தே இறக்கட்டும். பூக்காத செடி எருக்குழிக்குப் போகலாம். பூத்ததை வரப்பில் குவிக்காமல், காயவைத்து எரித்துவிட வேண்டும்.