கரி வெட்டிய ஊரில் மழை

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்றால் நமக்கு அதில் புதுமை இல்லை. நார்வேயின் லாங்இயர்பியனில் ஓட்டல், அருங்காட்சியகம் என்று பல இடங்களில் காலணியைக் கழற்றிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். காரணம் சாமியல்ல, நிலக்கரி. சுரங்கத்திலிருந்து திரும்பியவர்களின் பூட்ஸில் ஒட்டிவந்த கரித்தூள் வீடெங்கும் படியாமலிருக்க வந்த வழக்கம் அது.

வட துருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் தூரத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிறது ஊர். 1906-ல் இங்கே கரி வெட்ட வந்த அமெரிக்க முதலாளி ஜான் மன்றோ லாங்இயரின் பெயரே ஊர்ப்பெயர். 1916-ல் சுரங்கத் தொழில் ஸ்டோரே நோர்ஸ்கே என்ற நார்வே கம்பெனியின் கைக்குப் போனது. சுரங்கக் காலத்து இன்னொரு வழக்கம், பீருக்கு மாத ரேஷன், அதற்கென்று ஓர் அட்டை. ஒயினுக்கு அந்த அட்டை தேவையில்லை. அதிகாரிகள் குடித்தது ஒயின் என்பார்கள்!

அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் எழும். சுற்றிலும் மலையென்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 வாக்கில் ஆகிவிடும். பழைய ஆஸ்பத்திரியின் படிக்கட்டில் முதல் வெயில் படுவதைப் பார்க்க ஊரே கூடும். ஒரு வாரம் கொண்டாட்டம்.

ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணை நம்பித்தான் இங்கே எல்லாம். மூன்றாம் எண் சுரங்கத்தில் 1984 முதல் நார்டிக் நாடுகளின் விதைகளைப் பாதுகாத்தார்கள். அதே மலையில் 2008-ல் உலக விதைக் காப்பகம் திறந்தது. 2016 அக்டோபரில் பனி விழ வேண்டிய நேரத்தில் மழை கொட்டி, அதன் நுழைவுச் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தது. நல்லவேளை, விதைகள் தப்பின. முந்தைய டிசம்பரில் பனிச்சரிவு 11 வீடுகளைத் தள்ளிக்கொண்டு போனது, இருவர் இறந்தார்கள். 2020 ஜூலையில் வெயில் 21.7 டிகிரி செல்சியஸ். நமக்கு அது ஊட்டிக் குளிர், அவர்களுக்கு வரலாறு காணாத வெப்பம்.

கரி விற்ற ஊருக்கு இது வேண்டியதுதான் என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. அந்தத் தொழிலாளிகள் வெட்டிய கரி மட்டுமா ஆர்க்டிக்கை உருக்கியது? எரித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறோம்.

2023 அக்டோபரில் ஊரின் அனல்மின் நிலையத்தில் கரி எரிப்பதை நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்தது சூரியசக்தியோ காற்றாலையோ அல்ல, டீசல். கரியைவிடப் புகை குறைவு, செலவு கூடுதல். அந்த ஆண்டே மூடுவதாக இருந்த ஏழாம் எண் சுரங்கமோ, உக்ரைன் போரில் ஐரோப்பா கரிக்குத் தவித்ததால் 2025 கோடை வரை ஓடியது.