மஞ்சள் புத்தகம்

பொங்கலூரிலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திருப்பூர்ப் பனியன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்துக்குப் போக உத்தேசித்திருக்கிறாராம். பாஸ்போர்ட் இருக்கிறது, அக்ரா நகரத்து வியாபாரி ஒருவரின் அழைப்புக் கடிதமும் வந்துவிட்டது. அவருடைய சந்தேகமெல்லாம் ஒரு சிறு மஞ்சள் புத்தகத்தைப் பற்றியதுதான். மஞ்சள் ஜுரத்துக்குத் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டதற்கு அத்தாட்சி அது. "ஊசியே இல்லாமல் புத்தகத்தை மட்டும் வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்லுகிறார். சென்னைக்குப் போய்வரும் அலைச்சல் மிச்சமாகும். வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

கூடவே கூடாது என்பது நமது பதில். ஆனால் காரணம் சொல்லாமல் கூடாது என்றால் யார்தான் கேட்பார்கள்? ஆகவே காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் விஸா விஷயம். இதை டில்லியிலுள்ள கானா ஹைகமிஷன் கவனிக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும்; வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம், தங்குமிட விவரம், திரும்பிவரும் டிக்கெட் முதலியவற்றைத் தயாராக வைத்திருப்பது நலம். வியாபாரத்துக்குப் போகிறவர் ஊர் சுற்றிப் பார்க்கிறவருக்குரிய விஸாவில் போகலாகாது. விதிகள் அடிக்கடி மாறக்கூடியவை. ஆகையால் போன வருஷம் போய்வந்த உறவினரைக் கேட்பதைவிட, ஹைகமிஷனின் அறிவிப்பைப் பார்ப்பதே உத்தமம்.

இனி மஞ்சள் புத்தகத்துக்கு வருவோம்.

மஞ்சள் ஜுரம் என்பது நமக்குத் தெரிந்த காமாலை அன்று. கீழாநெல்லிக்கு அது கட்டுப்படாது. டாக்டர்களிடமும் அதைத் தீர்க்கும் தனி மருந்து கிடையாது. கொசு கடித்துச் சில நாளில் காய்ச்சல் வரும். பெரும்பாலோர் பிழைத்து எழுந்துவிடுவார்கள். சிலருக்கு மாத்திரம் அது திரும்பிவந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி, உடம்பை மஞ்சளாக்கும். அந்தக் கட்டத்தை அடைந்தவர்களில் பாதிப்பேர் பத்து நாட்களுக்குள் மாண்டுபோகிறார்கள்.

இந்த நோய்க்கு மாற்றுக் கண்டுபிடித்த கதையில் நம் நேயர் போகப்போகும் கானாவுக்கே பெரும் பங்கு உண்டு. 1927-ம் வருஷம், அந்நாடு பொற்கரை என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, அஸிபி என்ற ஆப்பிரிக்கருக்கு இந்த ஜுரம் கண்டது. அவருடைய ரத்தத்தில் சிறிது எடுத்து ஆசியாவைச் சேர்ந்த செம்முகக் குரங்கு ஒன்றுக்குச் செலுத்தினார்கள். அஸிபி பிழைத்தார், குரங்கு செத்தது. ஆப்பிரிக்கக் குரங்குகள் இந்த நோயைத் தாங்கிக்கொண்டன. நம் நாட்டுக் காடுகளில் திரியும் இனமோ தாங்கவில்லை. அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட டாக்டர் ஸ்டோக்ஸ் அதே வருஷம் லாகோஸில் இந்த ஜுரத்துக்கே பலியானார். ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி 1928-ல் அக்ராவில் உயிர் துறந்தார். அஸிபியின் ரத்தத்திலிருந்து கிடைத்த கிருமியைக் கோழிக் கருவின் திசுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்துச் சாதுவாக்கி, 1937-ல் தடுப்பு மருந்து செய்தவர் மாக்ஸ் தைலர். அவருக்கு 1951-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அந்த மருந்து கோழி முட்டையில்தான் வளர்கிறது. கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடம் பக்கத்தார் இதைக் கேட்டுப் பெருமைப்படலாம்!

"நான் செத்தால் என்னோடு போகட்டும்" என்று யாராவது வீரம் பேசக்கூடும். அவரோடு போகாது என்பதுதான் விஷயம். இந்த நோயைப் பரப்புகிற அதே கொசுதான் நம் ஊரில் டெங்குவைப் பரப்புகிறது. கொங்கு நாட்டிலே தண்ணீர் தினந்தோறும் கிடைப்பதில்லை; தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். அந்த நல்ல தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டையிடுகிறது. கொசு இருக்கிறது; கடிபட ஜனங்களும் இருக்கிறார்கள்; கிருமி ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் ஆசியாவின் எல்லையை அது ஒரு முறை தாண்டிவிட்டது. 2016-ல் அங்கோலாவிலிருந்து சீனாவுக்குத் திரும்பியவர்களில் 11 பேருக்கு இந்த ஜுரம் இருந்தது. நல்லவேளையாக அங்கே அது பரவவில்லை.

ஆகவேதான் கானா மட்டுமின்றி நமது சர்க்காரும் இந்தப் புத்தகத்தைக் கேட்கிறது. நோயுள்ள தேசத்திலிருந்து ஆறு நாளுக்குள் இங்கே வந்து இறங்குகிறவரிடம் அது இல்லையென்றால், அவரை ஆறு நாள் வரையில் தனியே வைத்துவிடுவார்கள். பனியன் வாங்கத் திருப்பூருக்கு வரும் ஆப்பிரிக்க வியாபாரிகளிடமும் இதையே கேட்கிறோம். அவர்களிடம் கேட்பதை நாம் கொடுக்க மறுப்பது நியாயமாகுமா?

செய்ய வேண்டியது அதிகமில்லை. சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டிலும், சென்னை, தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகங்களிலும் இந்த ஊசி போடுகிறார்கள். மருந்துக் குப்பி ஒன்றைத் திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் பலருக்குப் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். ஆதலால் நாளை விசாரித்து, பெயரைப் பதிந்துகொண்டு, பாஸ்போர்ட்டுடன் ரயிலேறுங்கள். ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் அத்தாட்சி செல்லுபடியாகும். அதைக் கணக்கிட்டே விமான டிக்கெட் வாங்க வேண்டும். முன்பு பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஊசி தேவைப்பட்டது. 2016 ஜூலை முதல் ஒரே ஊசி ஆயுள் முழுவதற்கும் போதும். முட்டை ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோர் முதலில் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. அங்கே மலேரியா கடுமையானது. அதற்குத் தடுப்பு ஊசியை நம்பிப் பயனில்லை. டாக்டர் தரும் மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரையில் சாப்பிட வேண்டும். ஊருக்கு வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா போய்வந்த செய்தியை முதல் வார்த்தையாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தரகர் விற்கும் புத்தகம் விமான நிலைய அதிகாரியை ஏமாற்றினாலும் ஏமாற்றலாம். கொசுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொங்கலூர் அன்பர் கிண்டிக்கு ஒரு நடை போய்விட்டு, அப்புறம் அக்ராவுக்குப் புறப்படட்டும். அவருடைய பனியன் வியாபாரம் செழிக்கட்டும்!