அரசுச் செலவில் மானம்

2011 மே முதல் 2016 ஜூலை வரை ஜெயலலிதா அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 213. உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கு இது. ஏறக்குறைய ஒன்பது நாளுக்கு ஒரு வழக்கு. இவற்றில் 55 ஊடகங்கள் மீது; மீதியில் பெரும்பகுதி எதிர்க்கட்சிக்காரர்கள் மீது. அந்த அரசு தீர்ப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வாய்தா போதும். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வர வேண்டும், வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டும், வராவிட்டால் வாரண்ட்.

நம்மில் ஒருவரைப் பற்றி யாராவது அவதூறாக எழுதினால் நாமேதான் வக்கீல் பிடித்து, மாஜிஸ்திரேட் முன் புகார் கொடுத்து, கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். அமைச்சருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருடைய அரசுப் பணி பற்றி எழுதினால், 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவின்படி அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய முடிந்தது. அதற்கு மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். முதலமைச்சருக்காக வழக்குப் போட, முதலமைச்சரின் அரசு அனுமதி தரும்! ஆதாரமில்லாத வழக்கு என்று கோர்ட் கண்டுபிடித்து நஷ்டஈடு கொடுக்கச் சொன்னாலும், அந்தச் சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு ஆயிரம் ரூபாயாக இருந்தது.

இந்த ஏற்பாட்டை ஜெயலலிதா கண்டுபிடிக்கவில்லை. 1955இல், நேரு காலத்தில், 198பி என்ற எண்ணில் நுழைந்தது. 1973 சட்டத்தில் 199 ஆயிற்று. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 222ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. காலனியச் சட்டங்களைத் தூக்கியெறிந்துவிட்டோம் என்று மார்தட்டியவர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்களின் கதை சுவாரசியமானது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மிரட்டியபோது நக்கீரன் இதழ் உச்ச நீதிமன்றம் போனது. 1994இல் வந்த தீர்ப்பு, வெளியாவதற்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்றது. பதவிப் பணி பற்றிய விமர்சனத்துக்காக அதிகாரிகள் நஷ்டஈடு கேட்பதென்றால், உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் இதெல்லாம் சிவில் வழக்குக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறைக் குற்றமாக்கிய 499, 500 பிரிவுகளைத் தொடாமல், அதற்குரிய வழக்கு வரும்போது பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். அன்று மூடாமல் விட்ட அந்த வாசல் வழியாகத்தான் பிறகு எல்லாம் வந்தன.

அதற்குரிய வழக்கு வர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. தமிழக அரசின் அவதூறு வழக்குகளில் சிக்கிய சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், 2016 மே மாதம், நீதிபதி தீபக் மிஸ்ரா அமர்வு அந்தக் குற்றப் பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று மாதம் கழித்து, அவதூறு வழக்குகளை எதிர்த்து தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்த் போன வழக்கில், அதே தீபக் மிஸ்ரா இருந்த அமர்வு, பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும், அரசு இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெயலலிதாவைக் கடிந்துகொண்டது. அரிவாளைக் கையில் கொடுத்துவிட்டு வெட்டாதே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகை ஆசிரியர்கள் என். ராம், சித்தார்த் வரதராஜன், நக்கீரன் கோபால் உள்ளிட்டோர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அரசு என்பது குடிமக்களுக்குப் பெற்றோர் போன்றது, தனிமனிதரைப் போல் ஆத்திரப்படக் கூடாது என்றார் நீதிபதி அப்துல் குத்தூஸ். அவற்றில் சில 2012இல் தொடுத்தவை. ரத்தாவதற்கு முன்பே எட்டு வருடம் போய்விட்டது.

பெரிய பத்திரிகைக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். சிறுபத்திரிகையில் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர்களைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம்; சம்மன் அந்த முகவரிக்குத்தான் வரும். முதலில் பயப்படுபவர் அச்சகத்துக்காரர். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால் அடுத்த இதழ் இல்லை. தணிக்கை அதிகாரி எவரும் வர வேண்டியதில்லை.

பத்திரிகைகள் பொய் எழுதுவதில்லை என்று சொல்ல வரவில்லை. எழுதுகின்றன, அதிலும் ஒரு பெண் தலைவரைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதிய அழகை நாம் அறிவோம். அதற்கும் அரசு வழக்கறிஞர் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் தாமே புகார் கொடுக்கும் உரிமையை 199ஆம் பிரிவே தனியாகக் காப்பாற்றிவைத்திருந்தது.

2021 ஜூலையில் ஸ்டாலின் அரசு பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. தேர்தல் வாக்குறுதி, செய்தார்கள், வரவேற்றோம். ஆனால் போடுவதும் எடுப்பதும் கோட்டையில் இருப்பவர் மனசைப் பொறுத்தது என்ற நிலை மாறவில்லை. குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருக்கிறது. சட்டமன்றம் திருத்தம் கொண்டுவரலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அது வராமலும் போகலாம். அதற்குக் காத்திராமல் இன்றே ஒன்று முடியும்: முன் அனுமதி தருவதில்லை என்று அரசு கொள்கை முடிவாக அறிவிக்கட்டும். எந்தக் கட்சி அமைச்சரானாலும், மானம் போய்விட்டது என்று தோன்றினால் சொந்தப் பணத்தில் வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுத்து, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லட்டும்.