பழைய காரும் தேய்ந்த ரயரும்

சென்ற மாதம் மானிப்பாயில் என் மைத்துனரின் மொறிஸ் மைனருக்கு முன் ரயர்கள் இரண்டையும் மாற்ற வேண்டி வந்தது. வாங்கி ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. நடுவில் தவாளிப்புகள் புதிதுபோல ஆழமாக இருந்தன. வெளிவிளிம்பு மட்டும் மொட்டை. கடைக்காரன் பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்பது மைத்துனரின் தீர்ப்பு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

சுண்ணாகம் பக்கத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் ரயரைப் பார்க்கவில்லை, தடவினார். "உள்ளுக்குப் போகேக்க வழுக்குது, வெளியில வரேக்க அரம்மாதிரிக் கையை அறுக்குது. ரயரில பிழையில்லை ஐயா, சில்லு ரெண்டும் மூஞ்சையை உள்ளுக்குத் திருப்பிக்கொண்டு ஓடுது" என்றார்.

முன்சில்லுகள் இரண்டும் முன்புறத்தில் மயிரிழையளவு ஒன்றையொன்று நோக்கி நிற்கவேண்டும். ரோ-இன் என்பது இதுதான். மொறிஸ் மைனருக்கு அந்த அளவு ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு. இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. அது மிஞ்சினால் சில்லு உருள்வதோடு பக்கவாட்டில் இழுபடவும் செய்கிறது, வெளிவிளிம்பு கரைகிறது. இரு விளிம்புகளும் சேர்ந்து தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இவ்வளவையும் ஒரு ரயர் சொல்லுகிறது. நாமோ கடைக்காரனைத் திட்டிவிட்டு அடுத்த சோடி வாங்குகிறோம்.

ரயரைச் சுற்றிச் சோக்கினால் கோடிட்டு, அச்சின் உயரத்தில் முன்னும் பின்னும் தடியால் அளந்து, இரண்டுக்குமிடையே உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது பழைய முறை. இன்று கணினித் திரையில் இலக்கங்கள் வருகின்றன. இரண்டிலும் எனக்குப் பகையில்லை. ஆனால் தேய்ந்த மூட்டுகளோடு நிற்கும் காருக்கு எந்த அளவும் நிலைக்காது. நிற்கும்போது சரியாக இருப்பது ஓடும்போது மாறிவிடும். மெக்கானிக் சில்லை உயர்த்தி அசைத்துக் காட்டினார், கையோடு ஆடியது.

இங்கேதான் விடயம் ரயர்ச் செலவைத் தாண்டுகிறது. மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்குவது ட்ரனியன் எனப்படும் மரையிட்ட மூட்டு. ஒழுங்காகக் கிறீஸ் அடித்தால் பல்லாண்டு உழைக்கும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு காருக்கடியில் மடிந்துவிடும். இந்தக் காரை வைத்திருப்போர் உலகெங்கும் அறிந்த பலவீனம் இது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்கள்தாம் குடாநாட்டைச் சுமந்தன. கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். நோயாளியும் மணமக்களும் பிணமும் அதே காரில் போனார்கள். உதிரிப்பாகம் கிடையாது, கிடைத்ததை உருக்கியும் கடைந்தும் போட்டார்கள். அந்தக் கைவண்ணத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் குண்டும் குழியுமான அந்த வீதிகளில் ஒருவரும் வேகமாக ஓடவில்லை. சில்லு கோணியிருந்தால் ரயர் போகும், அவ்வளவுதான். இன்று ஏ9 வீதி வழுவழுப்பாகக் கிடக்கிறது. அதே கார், அதே மூட்டு, அன்று நினைத்தும் பாராத வேகம்.

2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் கொட்டிலில் கிடந்த பழைய கார்கள் பலவும் மீண்டும் வீதிக்கு வந்தன. பூச்சும் இருக்கை உறையும் புதிது. கீழே குனிந்து பார்த்தவர் சிலரே.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது. பேருந்துக்கும் பாரவூர்திக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். தனியார் காரின் ஸ்ரியறிங்கை, முன்சில்லை, ரயரை யாரும் கேட்பதில்லை. புகை குறைவாக விட்டுக்கொண்டு சில்லு கழன்று போகலாம் போலும்! பிரித்தானியாவில் இருக்கும் வாசகர்கள் அங்கே ஆண்டுதோறும் இவை சோதிக்கப்படுவதை அறிவார்கள். நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு 2018இல் அங்கும் விலக்களித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அங்கே அவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு வெளியே வருபவை. இங்கே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகின்றன. ஆகவே அந்த விலக்கை நாம் பின்பற்றத் தேவையில்லை. பெரிய இயந்திரமும் வேண்டாம்; ஒரு ஜக்கும், சில்லை ஆட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவரும், பத்து நிமிடமும் போதும். புகை பார்க்கும் இடத்திலேயே இதையும் பார்க்கலாம்.

விடுமுறைக்கு வந்து வாடகைக் காரில் நல்லூருக்கும் கீரிமலைக்கும் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஏறுமுன் முன் ரயரின் இரு விளிம்புகளையும் ஒருமுறை பாருங்கள். முன்னுக்கு ரேடியல், பின்னுக்குப் பழைய கிறொஸ்பிளை என்று கலந்து போட்டிருந்தால் ஏறவே வேண்டாம்.

மைத்துனர் புது ரயர் வாங்கவில்லை. முதலில் மூட்டுகளை மாற்றச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். அதுவரை கார் கராஜில், மைத்துனர் சைக்கிளில்.