ரீசெட் பண்ணியாச்சு, அவ்வளவுதானா?

"மொத்தம் எத்தனை பாஸ்வேர்ட் வெளிய போயிருக்கு?" கூட்டத்தில் முதலில் வந்தது இந்தக் கேள்விதான். 43 என்றேன். "சரி, 43 பேருக்கும் ரீசெட் பண்ணிட்டு டிக்கெட்டை குளோஸ் பண்ணுங்க." பத்து நிமிடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எது எந்தக் கணினியிலிருந்து போனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எங்கோ ஒரு வெப்சைட்டை உடைத்ததில், நம் ஆள் எப்போதோ அங்கே போட்ட பாஸ்வேர்ட் வெளியே வந்தால், மாற்றினால் போதும். அப்படி வந்தவை 31. மீதி 12, கணினிக்குள் புகுந்து பாஸ்வேர்டுகளைத் திருடும் ஸ்டீலர் என்ற மால்வேர் அள்ளிக்கொண்டு போனவை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகப் பார்த்தால் எப்படி?

அந்தப் பன்னிரண்டில் ஒன்று இருந்த லாக்கை, அதாவது ஸ்டீலர் அள்ளியதன் தொகுப்பை, திறந்தேன். பாஸ்வேர்ட் ஃபைலில் வரிசையாக பேங்க், ரயில் டிக்கெட், கரண்ட் பில், பையனின் ஸ்கூல் ஃபீஸ். அடுத்த வரியில் எங்கள் விபிஎன். ஆபீஸ் லேப்டாப்பில் குரோமில் சேமித்தது, சொந்த ஜிமெயிலோடு சிங்க் ஆகி வீட்டுக் கணினிக்குப் போயிருக்கிறது. ஸ்டீலர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தது. ஞாயிறு இரவு 9.40. ஏதோ ஒரு கேமின் கிராக் ஃபைல் திறந்திருக்கிறது. பின்னால் டெஸ்க்டாப்பில், பையன் கேக் வெட்டும் படம். முன்பின் தெரியாத எவனோ இதைக் காசுக்கு விற்கிறான். பார்க்கவே முடியவில்லை.

பாஸ்வேர்டை மாற்றியாயிற்று, குக்கி? லாகின் செய்து ஓடிபி போட்ட பிறகு ப்ரவுசர் வைத்துக்கொள்ளும் அது கையில் கிடைத்தால், பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரின் லேப்டாப்பிலிருந்து எடுத்தது அதைத்தான். அங்கே ஆன்டிவைரஸ் அந்த மால்வேரைப் பிடிக்கவில்லை. இங்கேயோ "ஸ்கேன்ல ஒண்ணும் வரலையே" என்கிறார்கள். எத்தனையோ ஸ்டீலர்கள் எடுக்க வேண்டியதை எடுத்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்கேனில் என்ன வரும்? எல்லா செஷனையும் அறுங்கள், அந்தக் கணினியை ஃபார்மட் பண்ணுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று.

காண்ட்ராக்ட் ஆட்களின் கணினிகளைப் பற்றிக் கேட்டால், "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்கிறார்கள். திருடனுக்கு அந்தக் கணக்கெல்லாம் உண்டா? 2024ல் டேட்டா சேமிப்பு நிறுவனமான ஸ்னோஃப்ளேக்கின் வாடிக்கையாளர்களில் சுமார் 165 நிறுவனங்களுக்கு, டேட்டா திருடுபோயிருக்கலாம் என்று எச்சரிக்கை போனது. பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட் விசாரித்தபோது, 2020 நவம்பரிலேயே ஸ்டீலரிடம் போன பாஸ்வேர்டும் திருடர்கள் பயன்படுத்தியவற்றில் இருந்தது தெரிந்தது. வருஷக்கணக்கில் யாரும் மாற்றவில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. சில இடங்களில் தொற்று நுழைந்தது, கேமுக்கும் திருட்டு சாஃப்ட்வேருக்கும் பயன்பட்ட காண்ட்ராக்டர்களின் கணினிகள் வழியாக.

நான் திறந்த லாக்கில் இருந்த அந்த வீட்டுக் கணினிக்காரருக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சார், வேலை போயிடுமா?" என்றார். கணினியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், நாமே சுத்தம் செய்து தருவோம் என்று மேலே கேட்டேன். வீட்டுக் கணினி நம் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. நேற்று மறுபடி அவரிடம் பேசினேன். பையனுக்கு லீவாம். அதே கணினியில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறானாம்.