பல்வலியும் பணப் பெட்டியும்

கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலை பஸ்ஸில், கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டிய குழந்தைகளை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். வீங்கிய கன்னம், இரவெல்லாம் தூங்காத கண், பக்கத்தில் அதைவிடத் தூங்காத தாய். காய்ச்சல் என்றால் பஸ்ஸே விசாரிக்கும். பல்வலி என்றால், "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நாமும் அப்படித் திரும்பிக்கொண்டவர்கள்தான்.

அண்மையில் அப்படி ஒரு தாயுடனும் அவருடைய ஏழு வயதுப் பையனுடனும் நகரத்திலுள்ள ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. தகப்பன் கேரளத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். கிராம்பை நசுக்கி வைத்துப் பார்த்தாயிற்று, கண்டங்கத்திரிப் புகை பிடித்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவில் சிரிக்கும் குழந்தையின் படம். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "200 ரூபாய் கட்டிட்டீங்களா?" என்பது. குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட வரவில்லை.

பத்தரை மணிக்கு உட்கார்ந்தோம். நமக்குப் பின்னால் வந்தவர்கள் நமக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். கேட்டதற்கு, "அப்பாயின்ட்மென்ட் வாங்கினீங்களா?" என்றார்கள். அது எந்தக் கடையில் விற்கிறது என்பதுபோல் அந்தத் தாய் நம் முகத்தைப் பார்த்தார். ஒரு மணிக்குப் பையனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அவன் அலறல் கேட்டுக் கதவைத் தள்ளிய தாயிடம், "நீ வந்தா இன்னும் அழுவான், வெளியே நில்லும்மா" என்று பதில். பிறகு ஒரு துண்டுக் காகிதம் வந்தது. இரண்டு பல்லுக்கு வேர் வைத்தியம், இரண்டு தொப்பி, மொத்தம் 9,000 ரூபாய், பாதியை இன்றே கட்ட வேண்டும். எந்தப் பல், ஏன், வேறு வழி உண்டா என்று ஒரு வார்த்தை இல்லை. "சாக்லெட் கொடுத்தே கெடுத்து வச்சிருக்கீங்க" என்ற உபதேசம் மட்டும் இலவசமாகக் கிடைத்தது. முந்தானையில் முடிந்திருந்தது 600 ரூபாய். வலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

இது மலைவாசிக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நினைக்க வேண்டாம். அங்கே காத்திருந்த ஒரு லாரி ஓட்டுநர் கேட்ட பணத்தைக் கட்டியவர். எதற்குக் கட்டினோம் என்று அவருக்கும் தெரியவில்லை. ரசீதும் இல்லை. பணம் உள்ளவனுக்கு நாற்காலி கிடைக்கிறது, விளக்கம் அவனுக்கும் கிடைப்பதில்லை!

இதை மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எளிது. மேஜையில் அமர்ந்திருந்த பெண்ணும் கூலிக்காரிதான். பணம் வாங்காமல் உள்ளே அனுப்பினால் அவள் வேலை போகும். டாக்டரும் இளைஞர். அவர் படித்த கதையையும் பாருங்கள். 1953-ல் சென்னையில் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் பிறகு சர்க்கார் புதிதாகக் கட்டித் திறந்த பல் கல்லூரி 2023 நவம்பரில் புதுக்கோட்டையில்தான். நடுவில் சிதம்பரம் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சர்க்கார் கைக்கு வந்தது. எழுபது வருஷம்! அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தனியார் கல்லூரி முதலாளிகள். லட்சக்கணக்கில் கொட்டிப் படித்தவர் அந்தக் கடனை எங்கே வசூலிப்பார்? நம் குழந்தையின் வாயில்தான்.

பெரிய மூலதனம் இந்தத் தொழிலில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே 'ஸ்மால் ஸ்மைல்ஸ்' என்ற பெயரில் ஏழைக் குழந்தைகளுக்கென்றே பல் ஆஸ்பத்திரிகள் நடந்தன. குழந்தைக்கான கட்டணத்தை சர்க்கார் கொடுக்கும். தேவையில்லாத வேர் வைத்தியமும் எஃகுத் தொப்பியும் போட்டுக் கணக்கு எழுதினார்கள் என்று வழக்கு. குழந்தைகளைப் பலகையோடு சேர்த்துக் கட்டியதையும், பெற்றோரை வெளியே நிறுத்தியதையும் 2008-ல் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. 2010-ல் அந்த ஆஸ்பத்திரிகளை நிர்வகித்த கம்பெனி 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அதே நாட்டில், மேரிலாந்தில், 2007-ல் ஒரு 12 வயதுச் சிறுவன் சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறி இறந்தான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக் கூடிய பல்! லாபம் உள்ள வாயில் தேவையற்ற வைத்தியம், லாபம் இல்லாத வாயில் வைத்தியமே இல்லை.

"பால்பல்தானே" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பால்பல் இருபதில் பின்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து சோறு மெல்ல வேண்டியவை. அது போகட்டும். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். எதுவும் விழவில்லையே என்று பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது சொத்தையானால் மறுபடி முளைக்காது. இந்த ஒரு செய்தியை அன்று டாக்டர் சொல்லியிருந்தால் 200 ரூபாய்க்கு நியாயம் இருந்திருக்கும்.

சாக்லெட் விஷயத்துக்கு வருவோம். சாமையும் கிழங்கும் தின்ற மலையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் எட்டாத ஊர் இல்லை. பல் டாக்டர்தான் எட்டவில்லை. பற்பசைக்கோ 2017 முதல் 2025 செப்டம்பர் வரை 18 சதவிகித ஜி.எஸ்.டி. போட்டு வாங்கினார்கள். பழியை மட்டும் தாய் தலையில் போடுகிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. சொத்தையின் மேல் தடவினால் அது பரவாமல் நிறுத்தும் வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்து ஒன்று உண்டு. ஊசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பல்லில் கறுப்புக் கறை விழும், அவ்வளவுதான். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிச் சிமெண்டு வைத்து அடைக்கும் முறையும் உண்டு. 1980-களில் ஆப்பிரிக்காவின் டான்ஸானியாவில் வளர்த்தெடுத்த முறை அது. அந்த மருந்தையும் சிமெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் படுக்கவைத்துச் செய்யக்கூடிய வேலை இது. எல்லாச் சொத்தைக்கும் இது போதாது, நரம்புவரை போனதற்கு நாற்காலியும் நிபுணரும் வேண்டும். ஆனால் அந்த நிலைக்குப் போகாமல் தடுக்க இது போதும்.

குழந்தைகளைச் சோதித்துப் பார்க்க மத்திய சர்க்கார் 2013-ல் தொடங்கிய திட்டத்தில் பல்லும் உண்டு. மாநில சர்க்கார் 2023-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் 'புன்னகை' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சோதித்துச் சீட்டு எழுதினால் சொத்தை அடைபடுமா? கள்ளக்குறிச்சிக்கு 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்தது. அது சிறுவங்கூரில் இருக்கிறது. சேராப்பட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருகிற தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் தவறினால் சீட்டும் போகும்.

ஆகவே நாம் கேட்பது: பல் டாக்டர் மாதத்தில் குறித்த நாளில், குறித்த இடத்தில், மருந்தோடு மலைக்கு வர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தைத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும், எந்தப் பல், என்ன வைத்தியம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ரசீது தர வேண்டும், குழந்தையோடு தாயோ தகப்பனோ உள்ளே இருக்க அனுமதிக்க வேண்டும்.

பட்டா கேட்டு, ரோடு கேட்டு, சாதிச் சான்று கேட்டு நாம் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றில்கூடப் பல் என்ற சொல் இல்லை. அது நம்முடைய தவறு. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் முதல் மனுவைக் கொடுக்கிறோம். அந்தத் தாய் பையனோடு வருகிறேன் என்றிருக்கிறார். 9,000 ரூபாய் எழுதிய துண்டுக் காகிதத்தை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.